புனே காட்டும் கீரைக் கணக்கு

உறையிட்டு விற்கப்படும் தின்பண்டங்களை விலக்கிக் காய்கறிக்கும் புதிதாகப் பிழிந்த சாற்றுக்கும் மாறினால் உடல் தேறும் என்னும் கருத்து இந்தியாவில் அண்மையில் தோன்றியதன்று. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக அது பேசப்பட்டு வருகிறது, அவ்வரலாற்றின் முக்கியமான ஏடுகள் மகாராஷ்டிரத்தின் புனே நகரில் எழுதப்பட்டவை. அக்கருத்தைப் பரப்பிய இயற்கை மருத்துவர்கள் அந்நகரில் வாழ்ந்தார்கள் என்பதோடு, கீரையும் பழமும் உடலுக்கு மெய்யாகவே என்ன செய்கின்றன என்பதை அளந்து பார்த்த மருத்துவ ஆய்வாளர்களும் அதே நகரில் இருந்தார்கள் என்பதால், நம்பிக்கையில் எப்பகுதி சோதனையில் தேறியது, எப்பகுதி தேறவில்லை என்பதை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கப் புனே இடமளிக்கிறது.

1942 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டுப் புனேயின் ஆகா கான் அரண்மனையில் அடைக்கப்பட்ட காந்தி, அவ்வாண்டின் இறுதிக்குள் உடல்நலம் பற்றிய சிறு நூலொன்றை அங்கேயே எழுதி முடித்தார். உட்கார்ந்து வேலை செய்பவருக்கான நாளுணவாக அவர் வகுத்த பட்டியலில் தானியம் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம்தான். கீரை 3 அவுன்ஸ், பிற காய்கள் 5 அவுன்ஸ், பச்சையாக உண்ணும் காய் 1 அவுன்ஸ் என மொத்தம் 255 கிராம் அளவுக்குக் காய்கறி அதில் இடம்பெறுகிறது. உருளை, சேனை போன்ற மாவுக் கிழங்குகளைக் காய்கறியாக எண்ணாமல் தானியத்தோடு சேர்க்க வேண்டும் என்றார். சாறு என்று அவர் விதந்து கூறியது நாளொன்றுக்கு இரண்டு எலுமிச்சையின் சாற்றை மட்டுமே. அதையும் காய்கறியில் பிழிந்தோ நீரில் கலந்தோ கொள்ளச் சொன்னார். பழத்தை அவரவர் விருப்பத்துக்கும் வசதிக்கும் விட்டுவிட்டார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் பரிந்துரைத்துத் தானியத்தை 250 கிராமோடு நிறுத்துகிறது. இரண்டு பட்டியல்களுக்கும் இடையே எண்பது ஆண்டு அறிவியல் வளர்ச்சி இருந்தும் சாயல் ஒன்றாகவே இருப்பது கருதத்தக்கது.

காந்தியின் உண்ணாநோன்புகளின்போது அருகிலிருந்து கவனித்த தின்ஷா மேத்தா புனேயில் இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றை நடத்திவந்தார். 1945 நவம்பர் 18 அன்று அங்கே காந்தியைத் தலைவராகக் கொண்டு ஓர் அறக்கட்டளை அமைந்தது. அந்த இடம் 1986-இல் நடுவண் அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனமாயிற்று. ஆனால் ஏழைகளுக்கான மருத்துவம் நகரத்து மாளிகையில் நடவாது என்று கண்ட காந்தி, 1946 மார்ச்சில் சோலாப்பூர் சாலையில் உள்ள உருளி காஞ்சன் என்னும் சிற்றூருக்குச் சென்று, வெயில் குளியல், இடுப்புக் குளியல், எளிய உணவு ஆகியவற்றைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். அங்கே அவர் தொடங்கிய ஆசிரமத்தை மணிபாய் தேசாய் பொறுப்பேற்று வளர்த்தார். அது இன்றும் இயங்குகிறது.

இத்தகைய நிலையங்களில் சில நாட்கள் தங்கித் திரும்புவோர் உடல் இலேசானதாகச் சொல்வது வழக்கம். அந்த நலனுக்குக் காரணம் உள்ளே சென்ற சாறா, உள்ளே செல்லாமல் நின்ற பண்டமா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ உணவுகளை அவை பதப்படுத்தப்படும் அளவை வைத்து நான்காக வகுத்தார். அவற்றுள் கடைசி வகை ‘மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு’ எனப்படுகிறது. பிரித்தெடுத்த மாவுப்பொருள், எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றோடு வீட்டுச் சமையலறையில் இல்லாத நிறமூட்டி, மணமூட்டி, குழைமப்பொருள் முதலியன சேர்த்து ஆலையில் உருவாக்கப்படும் பிஸ்கட், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், குளிர்பானம் போன்றவை இதில் அடங்கும். 2019-இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இத்தகைய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் வேண்டிய அளவு உண்ணக் கொடுத்தனர். பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் நிகராக இருந்தும், மிகைப் பதப்படுத்திய உணவை உண்ட வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டு சுமார் 0.9 கிலோ எடை கூடினர். மற்ற வாரங்களில் அதே அளவு இழந்தனர். ஆகவே, கெட்டதை நிறுத்துவதே பாதி மருந்து என்று கொள்ளலாம். புனேயின் தெருக்களில் விற்கும் வடாபாவ் ஆலைப்பண்டம் அன்று. எனினும் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டையை மைதா ரொட்டிக்குள் வைத்துத் தரும் அவ்வுணவைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை.

மறுபாதியைக் காட்டியது, புனேயின் ராஸ்தா பேட்டையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை. அங்கே நீரிழிவுப் பிரிவை நடத்திய சித்தரஞ்சன் யாஜ்னிக், மெலிந்த தோற்றமுடைய இந்தியர்க்கும் நீரிழிவு வருவது ஏன் என்று ஆராய்ந்தவர். அவரும் ஜான் யட்கின் என்னும் ஆங்கிலேய ஆய்வாளரும் தத்தம் உடலையே அளந்து 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஒரு பக்கக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது: உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3, ஆனால் உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. இவ்வேறுபாடு வளர்ந்த பின் ஏற்படுவதா, பிறவியிலேயே வருவதா என்று அறிய, 1993-இல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் தாய்மாரைத் தொடரும் ஆய்வு தொடங்கியது. அக்குழந்தைகள் சராசரியாக சுமார் 2.7 கிலோ எடையோடு பிறந்தனர். இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் குழந்தைகளின் சராசரியோ ஏறத்தாழ 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்திருந்தும், தசை குன்றிய அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குன்றவில்லை.

தாயின் உணவில் எது குழந்தையின் வளர்ச்சியோடு இணைந்திருந்தது என்று அகர்கர் ஆய்வு நிறுவனத்தின் ஷோபா ராவும் யாஜ்னிக் குழுவினரும் கணக்கிட்டு 2001-இல் வெளியிட்டனர். தாய் எவ்வளவு கலோரி உண்டாள், எவ்வளவு புரதம் உண்டாள் என்பதற்கும் குழந்தையின் உருவளவுக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. கருவுற்ற 18-ஆம் வாரத்தில் பாலும், 28-ஆம் வாரத்தில் கீரையும் பழமும் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகளே பெரிதாகப் பிறந்தனர். தட்டில் அளவைக் கூட்டுவதைவிட அதில் என்ன வகை இருக்கிறது என்பது முக்கியம் என்பதை, மருத்துவ ஆலோசனையாக அன்றி அளவீடாகவே இது காட்டியது எனலாம்.

இருப்பினும் கீரை உண்ட தாய்மார் பிற வகையிலும் வசதியுள்ளவர்களாக இருந்திருக்கக்கூடும் என்ற ஐயம் நியாயமானது. அதைத் தீர்க்க மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. பெண்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டியும், மற்றதற்கு உருளை, வெங்காயம் முதலியவற்றால் ஆன சிற்றுண்டியும் கருவுறும் முன்பிருந்தே நாள்தோறும் தரப்பட்டன. பிறப்பெடை மொத்தத்தில் பெரிதாக மாறவில்லை. சிற்றுண்டியைக் கருவுறுவதற்கு மூன்று மாதமாவது முன்பே தொடங்கியவர்களிடம் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடியது. ஆனால் கர்ப்பகால நீரிழிவு, மற்ற குழுவில் 12.4 விழுக்காட்டினருக்கு வந்திருக்க, கீரைக் குழுவில் 7.3 விழுக்காட்டினருக்கே வந்தது. விலையுயர்ந்த மருந்து எதுவுமின்றிக் கீரையும் பழமும் பாலும் சேர்ந்த சிற்றுண்டி இதைச் சாதித்திருக்கிறது என்பது பெருமிதத்தோடு சொல்லத்தக்க செய்தி.

இச்சோதனையில் கொடுக்கப்பட்டது சமைத்த பண்டம், வடிகட்டிய சாறு அன்று. வேறுபாடு சிறியதன்று. காயையும் பழத்தையும் பிழிந்து வடிக்கும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. அந்த நார்தான் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது, மென்றுண்ணும் நேரத்தை நீட்டி வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது. மூன்று சாத்துக்குடிகளை உரித்துத் தின்ன மனம் வராதவரும் அவற்றின் சாற்றை ஒரு நிமிடத்தில் குடித்துவிடுவார். உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் குறைக்கப்பட வேண்டிய சர்க்கரையாகவே எண்ணுகிறது. அதை நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், கூடுமானால் 5 விழுக்காட்டுக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. புனேயில் சலங்கை கட்டிய சக்கரம் சுழலக் கரும்பு பிழியும் ரஸவந்திக் கடைகளில் ஒரு பெரிய குவளை அருந்தினாலே அவ்வளவு கடந்துவிடும். முழுப்பழங்களை, குறிப்பாகத் திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை அடிக்கடி உண்போருக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைவாகவும், பழச்சாறு அருந்துவோருக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருப்பதை 2013-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு கண்டது.

காலை நடைப்பயிற்சிக்குப் பின் அருந்தப்படும் சுரைக்காய், பாகற்காய்ச் சாறுகளில் சர்க்கரை குறைவு என்பது உண்மையே. ஆனால் அவற்றுக்கும் வரம்பு உண்டு. கசப்பேறிய சுரைக்காயில் குக்குர்பிட்டேசின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். அத்தகைய சாற்றைக் குடித்தவர்களுக்குக் கடும் வாந்தி, இரத்த வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்ததால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை ஒரு வாய்கூட விழுங்காமல் உமிழ்ந்துவிட வேண்டும். மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்று பொறுத்துக் குடிப்பது உயிருக்கே தீங்காகலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு நாள்தோறும் கீரைச்சாறு குடிப்பதும் ஆபத்தானது, ஏனெனில் அதிலுள்ள பொட்டாசியமும் ஆக்சலேட்டும் ஒரே நேரத்தில் மிகுதியாக உடலில் சேர்கின்றன.

காய்கறியே எல்லாம் தரும் என்றும் கொள்வதற்கில்லை. யாஜ்னிக் தொடர்ந்த தாய்மாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. இரத்தம் ஊறவும் நரம்பு இயங்கவும் தேவையான இச்சத்து கீரையில் கிடையாது, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. கீரையோடு தயிர் சேரும் மராட்டிய உணவு இவ்வகையில் அறிவார்ந்தது. வெள்ளரியையும் கேரட்டையும் நறுக்கித் தயிரும் வேர்க்கடலைப் பொடியும் கலந்த கோசிம்பிர் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சோள மாவு ரொட்டியான பாக்ரியோடு உண்ணும் வெந்தயக்கீரை, புளிச்சகீரை, சக்கரவர்த்திக்கீரை ஆகியவை மகாத்மா பூலே மண்டியிலும் வாரச்சந்தைகளிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. மாலைப் பிஸ்கட்டின் இடத்தில் ஒரு கிண்ணம் கோசிம்பிரோ சுண்டலோ வருமாயின், சாறு பிழியும் எந்திரம் வாங்காமலேயே மாற்றம் தொடங்கிவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவு மாறினால் சர்க்கரை மிகத் தாழக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லியே மாற வேண்டும். உணவை நம்பி மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

நம் வீடுகள் பலவற்றில் பெண்கள் கடைசியில் உண்பதால் கீரையும் தயிரும் தீர்ந்த பிறகே அவர்கள் தட்டு வைக்கிறார்கள். புனேயின் கிராமங்களும் மும்பையின் குடிசைகளும் காட்டிய பயன், பெண்ணின் தட்டில், மும்பையில் கருவுறுவதற்கு முன்பிருந்தே, கீரை இருந்ததோடு சேர்ந்து வந்தது. ஆகையால் சமைத்த கீரையை மகளுக்கும் மருமகளுக்கும் முதலில் பரிமாறுங்கள்.