குற்றிகளின்மேல் நின்ற வீடும் அதன் கீழ்வெளியும்

அவுஸ்திரேலியாவின் வடகீழ்ப் பாகமாகிய குவீன்ஸ்லாந்திலே, மரக்குற்றிகளை நாட்டி அவற்றின்மேல் தளம் பரப்பிக் கட்டிய பலகை வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுப் பெருகின. சரிவான காணியை வெட்டிச் சமப்படுத்தாமலே அவற்றைக் கட்டலாம். மழைநீர் அடியாற் கழியும். காற்றும் தளத்தின்கீழ் உலாவும். எஞ்சிய கீழ்வெளியோ வீணாகவில்லை. தோட்டக் கருவிகளும் ஏணியும் விறகும் அங்கே சேர்ந்தன. சலவையும் அங்கேயே நடந்தது. மழைநாளிற் பிள்ளைகளுக்கு அதுவே முற்றம். பொருள் சேர்ந்தவிடத்து அதனைச் சுற்றி அடைக்கவேண்டும் என்ற எண்ணமும் உடன் பிறக்கின்றது. அவ்வாறு அடைப்பதாற் குற்றிகள் செய்துவந்த தொண்டு கெடாதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

குற்றியின் தலையில், அதற்கும் உத்தரத்துக்கும் இடையே, நாகம் பூசிய இரும்புத் தகடொன்று தொப்பிபோல வைக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பு நாற்புறமும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இது கறையானைக் கொல்லும் கருவியென்று கருதுவோர் உளர், அது தவறு. நிலத்திலிருந்து குற்றியின் உள்ளே மறைந்து ஏறும் கறையான், இத்தகட்டைத் துளைக்க மாட்டாமல் வெளியே வந்து, விளிம்பைச் சுற்றி மண்ணாற் குழாய்வழி அமைத்தே மேலேற வேண்டியதாகின்றது. அக்குழாயைக் காண்பவன் அழித்துவிடலாம். ஆகவே தகட்டின் பயன் முழுவதும் காண்பவனுடைய கண்ணிலேயே தங்கியிருக்கின்றது. குற்றியைப் பலகையால் மூடினும், அதனை ஒட்டி விறகையும் பழம்பெட்டிகளையும் அடுக்கினும், தகடு இருந்தும் இல்லாததேயாம். அடுக்கிய மரம் தகட்டுக்கு மேலே உத்தரத்தைத் தொடுமாயின், கறையானுக்கு நாமே பாலம் அமைத்துக் கொடுத்தவராவோம்.

இதனை முன்னோர் உணர்ந்திருந்தனர் போலும். வெளிவரிசைக் குற்றிகளுக்கிடையே அவர்கள் சுவர் எழுப்பாது, மரச்சலாகைகளை இடைவெளிவிட்டு நிரையாக அறைந்தனர். நாயும் கோழியும் எளிதிற் புகா. வழிப்போக்கன் கண்ணுக்கு உள்ளிருக்கும் பொருள் தெளிவாய்த் தோன்றாது. காற்றும் ஒளியும் மட்டும் தடையின்றிச் செல்லும். ஈரமண்ணிலிருந்து எழும் நீராவி இவ்வாறு வெளியேறாவிடின், தளத்தின் அடிமரங்களில் தங்கி அவற்றை உளுக்கச் செய்யும். சுவரே வேண்டுமென்பார், எதிரெதிர்ப் பக்கங்களிற் காற்றுவழிகளேனும் விடுதல் வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் விட்ட துவாரத்தாற் பெரும்பயன் இல்லை.

வெள்ளத்தின்போது இவ்வேற்றுமை இன்னும் தெளிவாகும். பிரிஸ்பேன் நகரில் ஆறு 1974ஆம் ஆண்டு 5.45 மீற்றரும், 2011இல் 4.46 மீற்றரும், 2022இல் 3.85 மீற்றரும் உயர்ந்தது. ஒரு கன மீற்றர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். உள்ளே நீர் புகாத சுவரின் வெளிப்புறத்தில் 1 மீற்றர் ஆழத்துக்கு நீர் நிற்குமாயின், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை தள்ளும்; ஆழம் இருமடங்காயின் விசை நான்மடங்காகி 2,000 கிலோகிராமுக்குச் சமமாகும். சலாகை அடைப்பிலோ நீர் இருபுறமும் ஒரே மட்டத்தில் ஏறி இறங்குமாதலால் அத்தகைய தள்ளுகை இல்லை. பின்னர் சேற்றைக் கழுவுதலே வேலை. கீழ்வெளியை அறைகளாக்கிக்கொண்ட வீடுகள் பலவற்றில், மேற்றளம் தப்பியிருந்தும் கீழே வைத்த தளபாடங்களும் மின்சாதனங்களும் அழிந்தன.

இப்பொழுது பழைய வீட்டைத் தூக்கி உயர்த்திக் கீழே அறை கட்டுவது அங்கு வழக்கமாகிவிட்டது. குடியிருக்கும் அறைக்கு 2.4 மீற்றர் உயரம் வேண்டுமென்பது கட்டட விதி. உயரம் போதாதவிடத்துக் கீழ்வெளி களஞ்சியமாகவே இருக்கும். அக்களஞ்சியத்திற் பொருள்களைத் தட்டுகளின்மேல், நிலத்தையும் குற்றிகளையும் தொடாமல் வைத்து, ஓர் ஆள் விளக்குடன் ஒவ்வொரு குற்றியையும் சுற்றிவரத்தக்க வழி விடுதல் வேண்டும். அடைப்பின் ஒரு பகுதியைக் கழற்றத்தக்கதாய் அமைப்பின் இவ்வேலை எளிதாகும்.