சீட் பெல்ட்டுக்குள் ஒரு சுட்டிக் குழந்தை

விழித்திருக்கும் இரண்டரை வயதுக் குழந்தை கால் மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால், வீட்டில் யாராவது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். காய்ச்சலோ என்று பயம் வந்துவிடும். அதே குழந்தையைச் சென்னையில் விமானம் ஏற்றி, ஐந்து மணி நேரத்தில் தோஹா, அங்கே சில மணி நேரம் காத்திருப்பு, பிறகு அமெரிக்காவுக்குப் பதினான்கு மணி நேரம் என்று கூட்டிப் போகிறோம். "சமர்த்தா உட்காரு கண்ணா" என்பது அந்த வயதுக்குப் புரிகிற கட்டளையே இல்லை. ஓடுவதும் ஏறுவதும் அதன் உடல் கேட்கிற வேலை. பிடிவாதம் என்று அதைத் திட்டுவதில் பயனில்லை.

பயணத்துக்கு முன் பெரும்பாலான பெற்றோர் செய்வது பொம்மை வாங்குவது. பெரிய பை நிறைய வாங்குவார்கள். துறுதுறுவென்று இருக்கும் குழந்தைக்கு அது உதவுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. மொத்தப் பையும் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்து சீட்டுக்கு அடியில் கிடக்கும். யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. எப்போது குழந்தை எழுந்து நடக்கலாம், எப்போது கட்டாயம் பெல்ட்டோடு இருக்க வேண்டும்? மேலே ஏறும்போது, இறங்கும்போது, நடுவில் விமானம் குலுங்கும்போது பெல்ட்டைக் கழற்ற முடியாது. மற்ற நேரமெல்லாம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. நடக்க முடிகிற நேரத்தில் உடலுக்கு வேலை கொடுத்துவிட்டு, கைக்கான வேலைகளைக் கட்டுண்ட நேரத்துக்குச் சேமிக்க வேண்டும். கடைசி முக்கால் மணி நேரத்துக்கு என்று மிக நல்ல ஒன்றைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். 2 வயது நிறையாத குழந்தை மடியில் போகலாம். நிறைந்துவிட்டால் தனி சீட்டு. போகும்போது நிறையாமல், திரும்பும் தேதிக்குள் பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். குழந்தைக்கு ஜன்னல் ஓரமோ நடு சீட்டோ போதும். நடைபாதை ஓரம் வேண்டாம். உணவு டிராலி போகும்போது நீட்டிய கையும் காலும் அடிபடும். சூடான காபி தலைக்கு மேலே கைமாறும். தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையைக் கால் நீட்ட இடம் என்று விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. தொட்டிலில் தூங்கும் கைக்குழந்தைக்கு அது நல்ல இடம். ஆனால் அங்கே முன் சீட்டு இல்லாததால், மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். குழந்தை அழும் நேரத்தில் விளையாட்டுப் பை தலைக்கு மேலே பூட்டிக் கிடக்கும். கைப்பிடிக்குள் மடக்கு மேசை இருப்பதால் அதைத் தூக்கிவிட்டு மடியில் படுக்க வைக்கவும் முடியாது.

சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே புறப்படுபவை. "ஏறினதும் தூங்கிடும்" என்று நம்பி, குழந்தையை அதுவரை விழிக்க வைக்கக் கூடாது. தூக்கம் தப்பிய குழந்தை இன்னும் அதிகமாக ஆடும். மாலையிலேயே நன்றாகத் தூங்க வைத்து, விமான நிலையத்தில் நடக்க விடுங்கள். தூக்கிக்கொள்ளவும் வேண்டாம், தள்ளுவண்டியில் கட்டி வைக்கவும் வேண்டாம். பரிசோதனை முடிந்ததும், ஆளில்லாத ஒரு கேட் பக்கம் கூட்டிப் போய் ஓட விடுங்கள். தோஹாவின் ஹமத் விமான நிலையத்தில் உர்ஸ் ஃபிஷர் செய்த ஏறக்குறைய 7 மீட்டர் உயர மஞ்சள் கரடி இருக்கிறது. அதைத் தவிர டாம் ஓட்டர்னெஸ் செய்த வெண்கல உருவங்களும் உண்டு. அவை குழந்தைகள் ஏறி விளையாடுவதற்கென்றே வைத்தவை. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்குச் சாங்கியில் விளையாட்டு இடங்கள் இருக்கின்றன. கடைகளைப் பார்ப்பதைவிட காத்திருக்கும் நேரத்தை அங்கே செலவிடுவது பின்னால் பலன் தரும்.

குழந்தையோடு வருபவர்களை முதலில் ஏறச் சொல்லி அழைப்பார்கள். கனிவான ஏற்பாடுதான். ஆனால் முதலில் ஏறினால், விமானம் நகர்வதற்கு முன்பே அரை மணி நேரத்துக்கு மேல் சீட்டில் அடைபட வேண்டும். இருவர் போகிறீர்கள் என்றால், ஒருவர் பைகளோடு முதலில் ஏறி எல்லாவற்றையும் எடுத்து வைக்கட்டும். மற்றவர் குழந்தையை வெளியே ஓட விட்டு, கடைசியில் கூட்டி வரட்டும்.

முன் சீட்டை உதைப்பதுதான் பெற்றோருக்கு மிகவும் கூச்சம் தரும் விஷயம். அதற்குக் காரணம் குறும்பு மட்டும் இல்லை. விமான சீட்டின் ஆழம் பெரியவர்களின் தொடைக்கு அளவெடுத்தது. குழந்தையின் முழங்கால் சீட்டின் விளிம்பை எட்டாது. அதனால் காலை மடக்கித் தொங்கவிட வழியில்லாமல் நேராக நீட்டிக்கொள்ளும். பாதம் போய் நிற்குமிடம் முன்னால் இருப்பவரின் முதுகு. பறக்கத் தொடங்கி விமானம் நிதானமானதும் முதுகுக்குப் பின்னால் தலையணையோ மடித்த போர்வையோ கொடுத்து முன்னுக்குத் தள்ளி உட்கார வைத்தால் முழங்கால் மடங்கும். செருப்பையும் ஷூவையும் கழற்றிவிடுங்கள். முன் சீட்டுக்காரரிடம் தொடக்கத்திலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், பாதிக் கோபம் வராமலே போகும்.

கைவேலைக்கு வருவோம். இதற்குக் கடைப் பொம்மை தேவைப்படுவதில்லை. ஸ்டிக்கர் பொட்டு அட்டை நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் யானை, பூனை, அப்பா முகம் வரைந்து கொடுத்து எல்லோருக்கும் பொட்டு வைக்கச் சொன்னால், அந்தச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக உரித்து ஒட்டும். எதையும் வாயில் போடும் வயது என்றால் மட்டும் பொட்டு வேண்டாம். அதற்குப் பதிலாக, பெயிண்ட் கடையில் கிடைக்கும் காகித டேப்பை மடக்கு மேசையில் நீளமாக ஒட்டி உரிக்கக் கொடுக்கலாம். கறை படாமல் வந்துவிடும். தண்ணீர் தொட்டு வரைந்தால் வண்ணம் தெரியும் புத்தகமும் நல்லது. எதைக் கொண்டுபோனாலும் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பிரிப்பதே ஒரு விளையாட்டு. ஒன்று முழுதாகச் சலித்த பிறகுதான் அடுத்ததைக் காட்ட வேண்டும். ஒலி எழுப்புவது, உருண்டோடும் சக்கரம் உள்ளது, பத்துத் துண்டாகப் பிரிவது ஆகிய மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எந்தப் பையிலும் இடம் பிடிக்காத விளையாட்டுகள் நம்மிடம் உண்டு. உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு வைத்து, கடைசியில் அக்குள் வரை விரல் ஊர்ந்து கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை எத்தனை முறை ஆடினாலும் குழந்தை "இன்னொரு தடவை" என்றுதான் கேட்கும். தாத்தா பாட்டி உடன் வந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். அவர்களைவிட நன்றாக இதை யாரும் ஆட மாட்டார்கள். விமானத்தில் கொடுக்கும் வாந்திப் பை ஒன்றில் கண்ணும் மூக்கும் வரைந்து கையில் மாட்டினால் பொம்மலாட்டம் தயார். காகிதக் கப்பல் தெரிந்தவர்களுக்கு இன்னும் கால் மணி நேரம் கிடைக்கும்.

சாப்பாட்டையும் நேரம் கழிக்கும் வழியாகவே பாருங்கள். ஒரு சின்ன டப்பாவில் பொரி. ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன எவ்வளவோ நேரமாகும். உதிர்த்த மாதுளை முத்துகளும் அப்படித்தான். பொடி தடவிய சின்ன இட்லி சீக்கிரம் கெடாது, சிந்தாது, பழகிய ருசி. அழும் குழந்தைக்கு அந்த ருசியே ஆறுதல். நான்கு வயதுக்குள் கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கும் அபாயம் எங்கும் உண்டு, விமானத்தில் உதவி கிடைப்பது இன்னும் கடினம். பாதுகாப்புப் பரிசோதனையில் திரவங்களுக்கு 100 மில்லி என்ற வரம்பு இருந்தாலும் குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. தனியாக எடுத்துக் காட்டினால் போதும். அமெரிக்காவில் இறங்குவதற்குள் மிச்சப் பழங்களைத் தீர்த்துவிடுங்கள். அறிவிக்காமல் கொண்டு இறங்கினால் அபராதம் விதிக்கலாம்.

சீட் பெல்ட் விளக்கு அணைந்திருக்கும் நேரமெல்லாம் உடலுக்கான நேரம். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடங்கள். சீட்டு எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். தூங்குகிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் பணியாளர்கள் உணவு தயாரிக்கும் இடத்தருகே கொஞ்சம் காலி இடம் இருக்கும். அனுமதி கேட்டு அங்கே குதிக்க, குந்தி எழுந்திருக்க, கையை உயர்த்தி நீட்ட விடலாம். டிராலி வெளியே வந்திருக்கும்போது மட்டும் போக வேண்டாம். கழிப்பறையில் ஒரு எச்சரிக்கை: காற்றை உறிஞ்சும் அந்தப் பெருஞ்சத்தம் பல குழந்தைகளைப் பயமுறுத்தி, அதன்பின் உள்ளேயே வர மறுக்க வைத்துவிடும். குழந்தையை வெளியே அனுப்பியபின் பொத்தானை அழுத்துங்கள். கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்ட குழந்தைக்கும் அன்று ஒரு நாள் டயப்பர் போட்டுவிடுவது நல்லது. விமானம் ஏறி இறங்கும் நேரத்தில் எழுந்து போக முடியாது.

செல்போன், டேப்லெட் பற்றிக் குற்ற உணர்வோடு பேசுகிறவர்கள் அதிகம். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் தந்த வழிகாட்டல். அன்றாட வாழ்க்கைக்கு அது சரியான அளவு. இருபது மணி நேரப் பயண நாளில் அது கொஞ்சம் மீறினால் பெற்றோர் தங்களைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. ஏறியவுடன் கொடுத்துவிடுவதில்தான் சிக்கல். பிறகு வேறு எதுவும் குழந்தையின் கண்ணில் படாது. வீட்டிலேயே படங்களை இறக்கி வைத்து, காதை மூடும் குழந்தை ஹெட்ஃபோனை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். என்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம்; எனவே அளவுக்கு மேல் ஏறாத வகையாக இருப்பது நல்லது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே சில நிறுவனங்கள் இப்போது தடை விதித்துள்ளன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலில் விதித்தது. ஆகவே முழு சார்ஜோடு ஏறுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "சளி மருந்து ஒரு ஸ்பூன் குடுத்துடு, தூங்கிடும்" என்று யோசனை சொல்ல ஒருவராவது இருப்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த வகை மருந்து சில குழந்தைகளைத் தூங்க வைக்காமல் இன்னும் வெறி பிடித்தாற்போல் ஆட வைக்கும். அளவு மீறினால் மூச்சையே பாதிக்கும். குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியே அறிவுறுத்தியிருக்கிறார். தூக்கத்துக்காக எந்த மருந்தும் வேண்டாம். காது வலி, வாந்திக்கு என்றால் கிளம்புவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது அந்தக் கடைசி முக்கால் மணி நேரம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது காது அடைக்கிறதே, அந்த இறக்கம் முழுவதும் இங்கே அரை மணி நேரத்துக்குள் நடக்கிறது. காதின் உட்புறத்தைத் தொண்டையோடு இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குறுகலானது, அதிகம் சாய்வில்லாதது. எளிதில் திறக்காது. அதனால்தான் இறங்கும்போது அத்தனை குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுகிறார்கள். விழுங்கினால் குழல் திறக்கும். தூங்கும் குழந்தை போதிய அளவு விழுங்காது. எனவே இறக்கம் தொடங்கும்போது எழுப்பிவிடுங்கள். பாலோ தண்ணீரோ உறிஞ்சுகுழலில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதைவிட நல்லது இல்லை. ஒதுக்கி வைத்திருந்த பொருளையோ, இதுவரை காட்டாத படத்தையோ வெளியே எடுக்க வேண்டிய நேரமும் இதுதான். களைப்பு, காது வலி, கழற்ற முடியாத பெல்ட் மூன்றும் சேரும் இந்த நேரத்தில் கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் போவதுதான் பல பெற்றோரின் நிலை.

இவ்வளவு செய்தும் அழலாம். அழுதால் அது பெற்றோரின் தோல்வி இல்லை. உடன் பயணம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கைக்குழந்தையோடு தனியாக வரும் ஒரு தாய்க்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தால் அதைத் தொடவே நேரம் கிடைக்காது. முன் சீட்டின் இடுக்கு வழியாக ஒரு சின்ன முகம் உங்களை எட்டிப் பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கை அசையுங்கள். கர்சீப்பால் முகத்தை மூடித் திறந்து காட்டுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அது போதும்.