சேற்றில் தேறிய கைகள்

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்களிடம் பெரும்பாலும் வலை இருப்பதில்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். பனையோலைப் பறி பல்லிடுக்கில். விரலில் ஒரு துள்ளல் தட்டுப்பட்டதும் உள்ளங்கையால் சேற்றோடு அமுக்கி, எடுத்துப் பறிக்குள் போட்டுவிடுகிறார்கள். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை.

இவர்களைப் பார்த்தால் ‘செய்து கற்பவர்’ என்று முத்திரை குத்தத் தோன்றும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று ஆட்களை வகை பிரித்து, அதற்கேற்ற வேலையைத் தேடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, இப்படி வகைக்கேற்பச் சொல்லிக்கொடுப்பதால் பலன் கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். பழவேற்காட்டில் வேறொரு சந்தேகம் வருகிறது. கை பழகியதால் இந்தத் தொழிலுக்கு வந்தார்களா, வேறு வழியில்லாததால் கை பழகியதா?

ஏரியின் நல்ல மீன்பிடி இடங்கள் ‘பாடு’ முறைக்குள் அடங்கியவை. எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்பதைப் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்கள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கின்றன. கெட்டிக்காரர் ஒருவரே எல்லாவற்றையும் வளைத்துப்போட முடியாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சீட்டில் பேர் ஏற அந்த ஊரின் பட்டினவராக இருக்க வேண்டும். இருளருக்கு அந்தச் சீட்டு இல்லை.

அதே இருளரின் வேறொரு திறமையான பாம்பு பிடிப்புக்கு வழி பிறந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் படுத்துவிட்டது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோலுக்காகப் பிடித்த பாம்பை இப்போது விஷத்துக்காகப் பிடிக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்துக்குப் போகிறது. பள்ளிப் படிப்பில்லாத வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, தடமும் எச்சமும் பார்த்தே முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ.

ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் கற்ற விதம் மாறவில்லை. அதைக் காசாக்க ஒரு சங்கமும் அரசு அனுமதியும் வந்தன, அவ்வளவுதான்.

பழவேற்காட்டின் கைகளுக்கு ஏரியைத் தவிர வேறு இடமில்லை. முகத்துவாரத்தை மணல் மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறாது. படகு வைத்திருப்பவர் கடலுக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்கு எஞ்சுவது கூலி வேலை. பழவேற்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் ஏராளம். அங்கே முன்பணம் வாங்கும்போது என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.