வளையாத தோடி

கந்தர்வக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை டீக்கடை பெஞ்சுதான் கதி. அன்றைக்கு நானும் அக்கா மகனும் உட்கார்ந்திருந்தோம். அவன் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறவன். எதிர் பெஞ்சில் ஒரு தவில்காரர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வாசிப்பை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டதாம். விரல்கள் மட்டும் நிறுத்தவில்லை, டம்ளரைத் தட்டிக்கொண்டே இருந்தன.

பையன் செல்போனை நீட்டினான். "மாமா, இவரு ஸ்பெயின்காரரு. ஃபிளமெங்கோவையும் ஜாஸையும் பியானோவுல கலக்குறாரு. நாமளும் இப்படிச் செஞ்சா என்ன? அடியில ஜாஸ் கார்டு, மேல தோடி. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லை என்று சொல்லி முடிக்க எனக்கு மூன்று டீ ஆனது.

அவன் காட்டியவர் சானோ டோமிங்கெஸ். ஸ்பெயினின் தென்கோடிக் கடற்கரை ஊரான காடிஸில் 1960இல் பிறந்தவர். எட்டு வயதில் அப்பா வாங்கிக் கொடுத்த கிடாரில் தொடங்கி, பிறகு தானாகவே பியானோவுக்கு வந்தவர். இருபது வயதுக்குள் ராக் குழு, அதன்பின் ஜாஸ் குழு, அப்புறம்தான் பிறந்த ஊரின் பாட்டு. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. சொந்த ஊர்ச் சங்கதியை வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து எடுத்தவர்.

அந்தப் பாட்டுதான் ஃபிளமெங்கோ. அதில் கொம்பாஸ் என்று ஒரு சொல் உண்டு. நாம் தாளம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. புலேரியா என்ற வகைக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. பன்னிரண்டையும் ஒரே மாதிரி தட்டினால் புலேரியா ஆகாது. அழுத்தம் விழும் இடங்களைப் பெஞ்சில் தட்டிக் காட்டினேன். தகிட தகிட தக தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. கூட்டினால் பன்னிரண்டு. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து இல்லை, பன்னிரண்டிலிருந்து. கடைசி எண்தான் முதல் அடி.

தவில்காரர் தட்டுவதை நிறுத்தினார். "இது யாரு வூட்டுத் தாளம்?"

"ஸ்பெயின் நாட்டுக் குறவர் மாதிரியான ஆளுங்களோடதுங்கய்யா. ஜிப்சிம்பாங்க. ரோமா மக்கள்னு சொல்றதுதான் சரி."

ரோமா மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்கள் என்று மொழியியலும் மரபணு ஆய்வும் சொல்கின்றன. ஸ்பெயினை அவர்கள் எட்டியது 15ஆம் நூற்றாண்டில். உடனே "அப்ப அது நம்ம தாளம்தான்!" என்றான் பையன். அங்கேதான் நிறுத்தினேன். வழியில் பாரசீகம், பைசாந்தியம், பால்கன் நாடுகள் என்று எத்தனை ஊர்த் தண்ணீர் குடித்து வந்தவர்கள்! போய்ச் சேர்ந்த தென் ஸ்பெயின் ஆண்டலூசியாவிலோ அரபுப் பாட்டும் யூதப் பாட்டும் நாட்டுப் பாட்டும் ஏற்கெனவே இருந்தன. எல்லாவற்றுக்கும் மூலம் நாமே என்று பட்டா போட்டுக்கொள்வது நமக்கு ஒரு வியாதி. ஃபிளமெங்கோ மேடையில் ஆள் ஏறி உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டி இருக்கிறதே, கஹோன், அதைப் பாரம்பரியம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அது பெரு நாட்டுச் சரக்கு. ஃபிளமெங்கோ கிடார்க்காரர் பாகோ தெ லூசியா 1970களின் கடைசியில் அங்கே பார்த்து எடுத்து வந்தது. நம் கஞ்சிராவும் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கையில்தான் கச்சேரி மேடை ஏறியது. அதற்கு முன் அதற்கு அங்கே பாய் விரிக்க ஆளில்லை.

சரி, தோடி ராகத்துக்கு வருவோம். பையன் சொன்னதில் பாதி நிஜம் இருக்கிறது. ஃபிளமெங்கோ புழங்குகிற சுரங்களைப் பியானோவில் வரிசையாகத் தட்டினால் நம் காதில் தோடியின் மேளம் விழும். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். மேற்கத்தியர் அதை ஃப்ரிஜியன் என்பார்கள். காந்தாரத்தை ஒரு படி தூக்கி அந்தரமாக்கினால் வகுளாபரணம். ஃபிளமெங்கோக்காரர்கள் இரண்டு காந்தாரத்தையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

"தோடியா?" என்றார் தவில்காரர். "காந்தாரத்தை அசைக்காம எப்படித் தம்பி தோடி வரும்? அது சரளி வரிசை."

நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி காற்றில் இருக்கிற வட்டாரத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சலாடும். பியானோவிலோ சாவியை அழுத்தினால் உள்ளே சுத்தியல் கம்பியில் அடிக்கும், அடித்த சுரம் அடித்த இடத்தில் நிற்கும். வளைக்க வழியில்லை. "என் கீபோர்டுல பிட்ச் பெண்ட் வீல் இருக்கே மாமா" என்றான். இருக்கிறது. அதைத் திருப்பினால் அழுத்தியிருக்கும் சுரங்கள் அத்தனையும் சேர்ந்தே வளையும். காந்தாரம் மட்டும் ஆட வேண்டிய இடத்தில் ஊரே ஆடும்.

கிடாருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஜான் மெக்லாஃப்லின் 1970களில் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்தபோது, தம் கிடாரின் விரல்பலகையைக் குடைந்து பள்ளமாக்கி வைத்திருந்தார். கம்பியைப் பள்ளத்துக்குள் அழுத்தினால் சுரம் வளையும், வீணையில் மாதிரி. அதே மனிதர்தான் 1980இல் பாகோ தெ லூசியாவோடு சான் ஃபிரான்சிஸ்கோ மேடையிலும் உட்கார்ந்தார். கிடார்க்காரனுக்கு இரண்டு வீட்டுக் கதவும் திறந்தன. பியானோக்காரன் வாசலில் நின்றான்.

ஃபிளமெங்கோப் பாட்டுக்காரர்களும் சுரத்தை இழுத்துப் பிழிகிறவர்கள்தான். அதனால் சானோவுக்கும் இதே சிக்கல். அவர் என்ன செய்தார்? குரலைப் போலி செய்யப் போகவில்லை. பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டார். அவர் குழுவில் கைதட்டுகிறவர்களும் ஆடுகிறவரின் காலடியும் வாத்தியக்காரர்களுக்குச் சமம். பியானோ அவர்களோடு சேர்ந்து தட்டுகிறது. மேலே ஓடுவது ஜாஸ் கற்பனை, கீழே கொம்பாஸ் அசையாது.

ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டில் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' என்று ஓர் உருப்படி உண்டு. நிதானமாக மிதக்கிற அழகான சங்கதி. அதில் பன்னிரண்டு கிடையாது. அடுத்தடுத்து வரும் ஐந்து சுர வரிசைகளில் ஒன்றில் மட்டும் ஸ்பெயின் வாசம் வீசும், அவ்வளவே. சானோ இதையும் மைல்ஸின் வேறு உருப்படிகளையும் எடுத்து ஃபிளமெங்கோத் தாளங்களில் உட்கார வைத்தார். அந்தத் தட்டை 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' என்ற அதே பெயரில் 2012இல் புளூ நோட் நிறுவனம் வெளியிட்டது. கிராமி பரிந்துரை வரை போனது. பெயரில் மட்டும் இருந்த ஃபிளமெங்கோ உள்ளே குடிவந்தது ஐம்பது வருஷம் கழித்து.

"நம்ம ஆளு யாரும் இல்லியா மாமா?"

இருக்கிறார். விஜய் ஐயர். 1971இல் அமெரிக்காவின் ஆல்பனியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ராச்செஸ்டர் பக்கத்தில் வளர்ந்தவர். மூன்று வயதிலிருந்து பதினைந்து வருஷம் மேற்கத்திய முறையில் வயலின். பியானோவுக்கு மட்டும் வாத்தியார் இல்லை. வீட்டில் அக்கா பயின்ற பியானோவைத் தானே தட்டித் தட்டிக் காதால் பழகியது. யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பெர்க்லியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனவர் நடுவில் அதை விட்டுவிட்டு, 1998இல் இசையை மனிதர் எப்படி உணர்கிறார்கள் என்பதில் முனைவர் பட்டம் வாங்கினார். முதல் இசைத்தட்டு 1995இல். 2013இல் மேக்ஆர்தர் விருது, அதன் தொகை 6,25,000 டாலர். மறு வருஷம் ஹார்வர்டில் பேராசிரியர். இன்றைய ஜாஸ் பியானோவில் முன்வரிசை ஆள்.

தமிழ்ப் பெயரைப் பார்த்து வீணை நாதத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அவர் தட்டுகள் ஏமாற்றம் தரும். எனக்கும் முதலில் தந்தன. ஆலாபனை இல்லை, சந்தன வாசம் இல்லை. அவர் முன்னோர் என்று கைகாட்டுவது தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன் போன்ற கறுப்பின மேதைகளை. தமிழ் எங்கே என்று தேடினால் அது மேலே மிதக்கவில்லை, அடியில் இருக்கிறது. எண்ணிக்கையில். வளைக்க முடியாத வாத்தியத்தை எடுத்தவன் கணக்கைத்தான் எடுப்பான் என்பது என் கட்சி.

2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' தட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் 'கலாங்' என்று ஒன்று. லண்டனில் பிறந்த ஈழத்துத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ.வின் பாட்டு. அமெரிக்கத் தமிழன் பியானோவில் அதை மூன்று பேர் குழுவாக அடித்து நொறுக்குகிறார். இரண்டு தமிழர் சந்திக்கிற இடத்தில் ஒரு ராகம்கூட இல்லை. இருப்பது முழுக்க அடி.

அதே தட்டில் 'மிஸ்டிக் புரூ'. ரானி ஃபாஸ்டர் என்ற ஆர்கன் கலைஞருடையது. இதை வாசித்த விதத்தைப் பற்றி விஜய் ஐயரே அந்த வருஷம் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். நீளமும் குட்டையுமாக இரண்டு துண்டு, அவற்றின் அளவு ஃபிபோனாச்சி எண்களில். ஐந்துக்கு மூன்று, எட்டுக்கு ஐந்து என்கிற கணக்கு. ததிகிணதொம் தகிட. ஐந்தும் மூன்றும் எட்டு. எட்டோடு ஐந்து சேர்ந்தால் பதின்மூன்று. விகிதம் கிட்டத்தட்ட அதேதான், அளவு மட்டும் பெரிதாகிறது. ஒரே முகத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற மாதிரி.

இந்த எண்களுக்கு இத்தாலிக்காரர் பெயர் இருக்கிறதே தவிர, அவர் 1202இல் எழுதுவதற்கு முன்பே நம் பக்கத்து யாப்பு நூலார் இவற்றை அறிந்திருந்தார்கள். சுமார் 1150இல் ஹேமச்சந்திரர் எழுதி வைத்தார். (பட்டா போடாதே என்று சற்று முன் சொன்னவன் நான். இதற்கு ஆவணம் இருக்கிறது.) பையனிடம் கேட்டேன்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? 'ககக', 'ககா', 'காக'. மூன்று. நான்கு மாத்திரைக்கு? விரல்விட்டு எண்ணி ஐந்து என்றான். ஐந்து மாத்திரைக்கு எட்டு. கடைக்காரர் சில்லறையை மறந்துவிட்டு, "ஆறுக்குப் பதிமூணு" என்றார்.

விமர்சகர்கள் விஜய் ஐயரைக் கணக்குப்புலி ஜாஸ்காரர் என்று எழுதுவது உண்டு. இந்தியப் பெயர், இயற்பியல் படிப்பு, அப்புறம் என்ன சொல்வார்கள்? புதுக்கோட்டை வழித் தாள வாசிப்பையும் 'ஒரே கணக்கு' என்று சபாக்களில் முகம் சுளித்தவர்கள் உண்டு. தட்சிணாமூர்த்தி பிள்ளையும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் வந்த வழி அது. அந்த ஏச்சு எவ்வளவு தப்பு என்பதற்கு விஜய் ஐயரின் ஆய்வேடே சாட்சி. ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசையில் தாளம் உடம்பில் வாழ்கிறது. அடி ஒரு மயிரிழை பிந்தி விழுவதில்தான் உயிர் என்பது அதன் சாரம்.

"எங்க வாத்தியார் ஒரு நாள்கூடக் கணக்கை எழுதிக் காட்டுனதில்ல" என்றார் தவில்காரர். "தொடையில அடிப்பாரு. என் தொடையில."

சுரத்தை ஆட்டி வளைக்கிற கமகத்தை விஜய் ஐயர் ஒரேயடியாக விட்டுவிடவும் இல்லை. 2011இல் வந்த 'தீர்த்த' தட்டில் தபலாவுக்கு நிதின் மித்தா, கிடாருக்கு ராணிப்பேட்டை பிரசன்னா. சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானம் படித்து, கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் வாசிப்பவர். வளைய வேண்டியதைக் கிடார் வளைக்கிறது. பியானோ அதற்குக் கீழே பாய் விரிக்கிறது, இடையிடையே எண்ணிக்கையை நெருக்குகிறது. முடியாததை முடிந்தவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிற பெருந்தன்மை அது. தோடிக்கு அடியில் ஜாஸ் கார்டு போடுகிறவர்கள் இந்தத் தட்டை ஒரு வாரம் கேட்கலாம். இதையும் அவனிடம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பஸ் ஆதனக்கோட்டை தாண்டிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தவில்காரர் செல்போனைக் கேட்டு வாங்கி, 'மிஸ்டிக் புரூ'வைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை, "எடுப்பு எங்கன்னு புடிபடல" என்றார். பஸ் வந்து நின்றது. பையன் போனுக்காகக் கையை நீட்டினான்.

"இருடா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "பதிமூணுல வர்றான்."

பஸ் போய்விட்டது. நாலாவது டீ சொன்னேன்.