லொறி, வான் ஸ்பிரிங் மாற்றுமுன் அறிய வேண்டியவை

சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் அறுவடை தொடங்கினால் நெல் மூடைகளையும், கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் மீன் பட்டால் ஐஸ் பெட்டிகளையும் சுமப்பவை லொறிகளும் வான்களுமே. எமது பகுதியில் ஒரு லொறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேயே அது பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. அப்படி ஓடிய வாகனத்தில் விரைவாகத் தளர்ந்துபோகும் உறுப்புகளில் ஒன்று ஸ்பிரிங். புதிதாக வாங்கும்போது, "பாரம் கூட ஏற்றலாம், தடித்த தகடாகப் போடுங்கள்" என்று சொல்வது பலரது வழக்கம். இது சரியானதா என்று பார்ப்போம்.

ஸ்பிரிங்கின் வேலை என்ன?

லொறிகளிலும் பெரும்பாலான வான்களின் பின்பக்கத்திலும் இருப்பது தகட்டு ஸ்பிரிங். நீளம் குறைந்துகொண்டு போகும் உருக்குத் தகடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கியிருப்பார்கள். பாரத்தைத் தாங்குவது, சக்கரத்தை வீதியை விட்டு எழும்பாமல் வைத்திருப்பது, அச்சைத் தன் இடத்தில் பிடித்து வைப்பது ஆகிய மூன்றும் அதன் வேலைகள். பாரம் தாங்குவதை மட்டும் கவனித்தால் மற்ற இரண்டும் கெடும்.

தகட்டின் தடிப்பில் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தரும். ஏழு தகடுள்ள கட்டில் அதே அளவில் ஒரு முழுத் தகட்டைக் கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ 14 வீதம் கூடும். 8 மில்லிமீற்றர் தகடுகளுக்குப் பதிலாக 10 மில்லிமீற்றர் தகடுகளைப் போட்டால் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஒரு தடித்த தகட்டைச் செருகினால், கூடுதலான அழுத்தம் அதிலேயே விழும். முதலில் முறிவதும் அதுவே.

பாரத்தைக் கணக்கிடுங்கள்

வாகனப் பதிவுப் பத்திரத்தில் வெற்று நிறையும் மொத்த நிறையும் உள்ளன. உதாரணமாக மொத்த நிறை 5500 கிலோ, வெற்று நிறை 2500 கிலோ என்று கொள்வோம். மீதி 3000 கிலோ. சாரதிக்கும் உதவியாளுக்கும் 150 கிலோ கழித்தால் 2850 கிலோ. ஒரு மூடை 65 கிலோவாயின் 43 மூடைகள் ஏற்றலாம். 60 மூடை ஏற்றினால் ஆயிரம் கிலோவுக்கு மேல் அதிகம். ஈர நெல் என்றால் இன்னும் கூடும்.

ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினால் லொறி தாழாமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பிறேக், ரயர், அச்சு, சட்டம் எதுவும் பலப்படுவதில்லை. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் லொறியை நிறுத்த வேண்டியது பிறேக், ஸ்பிரிங் அல்ல. பல ஜப்பானிய வான்களிலும் பிக்-அப்களிலும் பின் அச்சோடு ஒரு நெம்புகோல் இணைந்திருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதற்கேற்ப அது பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். விறைப்பான ஸ்பிரிங்கினால் பின்பக்கம் உயர்ந்து நின்றால், பாரம் இருந்தும் இல்லாததுபோல் அது இயங்கும். பின் பிறேக் குறைவாகவே பிடிக்கும். பிள்ளைகளை ஏற்றும் வான்களில் இது உயிராபத்தான விடயம்.

வெறுமையாகத் திரும்பும்போது விறைத்த ஸ்பிரிங் சக்கரத்தைத் துள்ள வைக்கும். மழை நாளில் பின்பக்கம் வழுக்கும். போகும்போது முழுப் பாரமும் வரும்போது வெறுமையுமாக ஓடும் லொறிக்கு, பாரம் ஏறிய பின் மட்டும் தொட்டு வேலை செய்யும் உதவி ஸ்பிரிங் ஏற்றது.

வாங்குமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

1. தகடுகளின் எண்ணிக்கை, அகலம், ஒவ்வொன்றினதும் தடிப்பு.
2. நடு போல்ட்டிலிருந்து முன் கண்ணுக்கும் பின் கண்ணுக்கும் உள்ள தூரம், தனித்தனியே. இரண்டும் எப்போதும் சமமாக இரா.
3. கண் துவாரத்தின் விட்டம்.
4. சக்கர நடுவிலிருந்து மட்காட் வரையான உயரம், இரு பக்கமும்.
5. வாகனத்தின் செசி இலக்கம். எல்ஃப், கன்டர் என்ற பெயர் மட்டும் போதாது; ஒரே பெயரில் பல வகைகள் உண்டு.

எதை வாங்குவது?

கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற சந்தைகளில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, புதிய ஸ்பிரிங். உருக்கின் தரக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், எஸ்.யு.பி. 9 என்பது ஜப்பானியத் தரமுள்ள ஸ்பிரிங் உருக்கு. இரண்டாவது, பாவித்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து, நடு போல்ட் துவாரத்தைச் சுற்றியும் கண் வளைவிலும் வெடிப்பு உண்டா என்று பார்த்தே எடுக்க வேண்டும். மூன்றாவது, பட்டறையில் மீண்டும் வளைத்தது. நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே ஆறவிட்டால் உருக்கின் பதம் போய்விடும். சில வாரங்களில் மறுபடி தாழும். ஏறத்தாழ 850 பாகை செல்சியசில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பின் 450 முதல் 500 பாகையில் பதப்படுத்தினாலே உறுதி மீளும். முறிந்த தகட்டை ஒட்டு வைத்து (வெல்டிங் செய்து) பாவிக்கவே கூடாது. ஒட்டின் ஓரத்தில் மறுபடி முறியும்.

பொருத்தலும் பராமரிப்பும்

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வாகனம் சாயும். ஒரே அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். முதல் 500 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த யூ போல்ட்டினால் நடு போல்ட் முறிந்து, அச்சு பின்னுக்கு நகர்ந்துவிடும்.

கரையோர வாகனங்களுக்கு உப்பே பெரிய எதிரி. மீன் பெட்டியிலிருந்து வடியும் நீர் தகடுகளுக்கிடையே தேங்கித் துருவாகும்; அத்துருக் குழியிலிருந்தே வெடிப்பு தொடங்கும். கரையிலிருந்து வந்த அன்றே நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். பழைய என்ஜின் ஒயிலை ஊற்றுவது நல்லதல்ல. அதில் மணல் ஒட்டி அரம்போல் தகட்டைத் தேய்க்கும்.

சுருக்கமாகச் சொன்னால், வாகனத்தின் மொத்த நிறைக்குள் நீங்கள் வழமையாக ஏற்றும் பாரத்துக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கே நல்ல ஸ்பிரிங். அதற்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு நடையாகக் கொண்டு செல்லுங்கள். இன்னொரு நடைக்கான டீசல் செலவு, முறிந்த அச்சின் செலவைவிடவும் இழந்த உயிரைவிடவும் மிகக் குறைந்தது.