ஏழெழுத்துச் சொற்களின் மகிமை

ஆங்கிலச் சொற்களை நீளத்தால் வகுத்தும், கியூ, இசட் போன்ற அபூர்வ அட்சரங்கள் பயிலும் பதங்களைத் தனியே தொகுத்தும் இரவு பகலாக மனனம் செய்வோர் உண்டென்றால், அவர்கள், எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களே. இவ்வாட்டத்தை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், 1930களில், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று பொறுமையாக எண்ணிப் பார்த்து, மலிந்துவரும் 'ஈ'க்கு 1 புள்ளியும் அருகிவரும் கியூவுக்கு 10 புள்ளியுமாக விலை நிர்ணயித்தார். கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் பலகையில் இறக்கிவிடுபவருக்கு 50 புள்ளிகள் உபரியாகக் கிட்டுமாதலால், ஏழெழுத்துச் சொற்களுக்குத் தனிக் கௌரவம் உண்டாயிற்று. மலாய்க் கிராமத்தைக் குறிப்பதும் மலேசியத் தமிழராகிய நாம் கம்பம் என்று வழங்குவதுமான 'கம்போங்'கும், இரண்டு 'வி'க்களைச் சுமந்துகொண்டு ஆங்கிலத்தில் குடியேறிவிட்ட நம் வெட்டிவேரும் அவ்வகையைச் சேர்ந்தவை; ரம்புத்தானுக்கோ எட்டெழுத்து, ஆகவே பலகையில் ஓரெழுத்தேனும் முன்பே காத்திருந்தாலன்றி அது அமையாது.

இவ்வாட்டத்தின் உலகப் போட்டி 2003இல் கோலாலம்பூரிலும் 2009இல் ஜொகூர் பாருவிலும் நடைபெற, இருமுறையும் தாய்லாந்துக்காரர்களே வாகை சூடினர். நம் மலேசியாவில் வசித்துவரும் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாத நிலையிலேயே அம்மொழியின் சொற்பட்டியலை உருவேற்றிக்கொண்டு 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். பொருளறியாது நெட்டுருச் செய்வதைப் பரிகசிக்கும் நம் பண்டிதர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ! 2024இல் ஸ்பானிய மொழிப் பட்டமும் ரிச்சர்ட்ஸுக்கே கிட்டியது.