கல்லூரியில் பாலியல் தொல்லை: உத்திரமேரூர் மாணவிக்கு உள்ள வழிகள்

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவி முதலில் போக வேண்டிய இடம் அந்த நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழு. பேச்சுவழக்கில் ‘விசாகா கமிட்டி’. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளால் வந்த பெயர் அது. அதன் தொடர்ச்சியாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தை மையமாக வைத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் அறிவித்த விதிமுறைகள்தாம் மாணவர்களை நேரடியாக இதற்குள் கொண்டுவந்தன. ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் இத்தொல்லைக்கு ஆளாகக்கூடும் என்பதையும் அவை ஏற்கின்றன.

குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியர். ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், வெளியிலிருந்து தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த ஒருவர், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகள் மூவர் என்று குழு அமையும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றோருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். ஒரு குழுவில் யார் இருக்கக்கூடாது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்த வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலையில் பெண்கள் பெயர் இல்லை என்பது வேறு விஷயம்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். எழுத முடியாதவருக்கு உதவுவது குழுவின் கடமை. விடுப்புக் கடிதத்தைப் போலத் துறைத்தலைவரின் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நாள், நேரம், இடம், பார்த்தவர்கள் ஆகியவற்றை உடனே குறித்துவைப்பதும், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் இருப்பதும், புகாரின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குவதும் பின்னால் கைகொடுக்கும். புகாரின் பிரதி ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குப் போகும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிடுவார்களோ என்ற பயத்துக்கும் விதியில் பதில் இருக்கிறது. விசாரணை முடியும்வரை, குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் தேர்வுகளை மதிப்பிடாமல் தடுக்கக் குழு பரிந்துரைக்கலாம். ஆனால் ஊரிலிருந்து படிக்கப் போகும் பெண்ணுக்கு மார்க்கைவிடப் பெரிய பயம் வீடு. விஷயம் தெரிந்தால் “படிச்சது போதும்” என்று நிறுத்திவிடுவார்கள். புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக்கூடாது என்று சட்டம் சொல்வதன் அருமை இங்கேதான் தெரியும். “பேசி முடிச்சுக்கலாம்” என்பதும் ஊர்வழக்கம். சமரசம் என்பது மாணவியே கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிக்கும் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

வகுப்பறை மட்டும் வளாகம் அல்ல. கல்லூரிப் பேருந்து, கல்விச் சுற்றுலா, இன்டர்ன்ஷிப் செல்லும் இடம் எல்லாம் விதிமுறையில் அடங்கும். காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வரும் மாணவிக்கு நேர்வதைக் கல்லூரிக் குழு விசாரிக்க முடியாது. அதற்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம் இருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ்டீசிங்கால் உயிரிழந்த பிறகு வந்த சட்டம் அது. பெண் பயணி புகார் சொன்னால், பேருந்தை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு ஓட்டுநர், நடத்துநரைச் சேரும்.

குழு இருந்தும் நம்பிக்கை இல்லாத இடங்கள் உண்டு. சென்னை கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச் இறுதியில் மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் வந்து புகார்களைக் கேட்டார். ஏப்ரலில், முன்னாள் மாணவி ஒருவரின் புகாரில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். குழுவா, போலீஸா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். பாலியல் தொல்லை பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவிலும், பின்தொடர்ந்து தொல்லை தருவது 78ஆம் பிரிவிலும் குற்றம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதலாமாண்டு மாணவிக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் போக்சோ சட்டம் பொருந்தும்; அப்போது விஷயம் தெரிந்த ஆசிரியரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் வன்கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவர் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. புகார் கொடுத்து ஆறு மாதத்துக்குள் வந்த தீர்ப்பு அது.

அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181, ஆபாசப் படம் காட்டி மிரட்டுவது போன்ற இணையக் குற்றங்களுக்கு 1930. மனம் உடைந்திருப்பவர் 14416இல் ஆலோசகரோடு பேசலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதது தடையில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. அதற்கு எண் 15100.